பெயரும் கையும்: கோல்நாகோ மிதிவண்டியை முன்வைத்து

1972ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரத்து ஓடுதளத்தில் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டினார். நான்காண்டுகளுக்கு முன் அதே நகரத்தில் டென்மார்க்கின் ஓலே ரிட்டர் நிறுவியிருந்த சாதனையைக் காட்டிலும் இது ஏறத்தாழ 778 மீட்டர் கூடுதல். அன்றைய புகைப்படங்களில் வண்டியின் குழாயின்மீது 'வின்ட்சர்' என்ற பெயரைக் காணலாம். வின்ட்சர் மெக்சிகோவைச் சேர்ந்த ஒரு மிதிவண்டி நிறுவனம். அவ்வண்டிக்கும் அந்நிறுவனத்துக்கும் இருந்த தொடர்பு அந்தப் பெயரோடு முடிந்துவிடுகிறது. வண்டியைச் செய்தவர் இத்தாலியில், மிலானுக்கு வடகிழக்கே காம்பியாகோ என்னும் சிற்றூரில் பட்டறை வைத்திருந்த எர்னெஸ்டோ கோல்நாகோ.

உலகமே பார்த்த ஒரு பொருளில் செய்யாதவர் பெயர் இருக்கிறது, செய்தவர் பெயர் இல்லை. ஏட்டுச்சுவடிகளோடும் பாயிரங்களோடும் பழகிய இலக்கிய வாசகர்களுக்கு இவ்வகைச் சிக்கல் புதிதன்று. இன்று கோல்நாகோ என்ற பெயரே பெரும் விலை பெறுகிறது. அதன் பழைய எஃகு வண்டிகளைத் தேடி அலைவோர் உலகெங்கும் இருக்கின்றனர். 'பாரம்பரியம்' என்ற சொல் அவர்களிடையே ஓயாமல் புழங்குகிறது. அந்தப் பாரம்பரியம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் நேரான விடை கிடைப்பதில்லை. அது பெயரில் இல்லை, வேலையில் இருக்கிறது என்பதும், பெயருக்குச் செய்யப்படும் பூசனை வேலை செய்தவர்களை மறைத்துவிடுகிறது என்பதும் நமது கருத்து. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

மிதிவண்டிக்கும் இலக்கிய இதழ் படிப்போருக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கக்கூடும். இத்தாலியில் இக்கேள்வி எழாது. 1948இல் வெளிவந்த டி சிகாவின் படத்தில் களவு போன ஒரு மிதிவண்டி ஒரு குடும்பத்தின் உணவாகவும் மானமாகவும் நின்றதைத் திரைப்பட ரசனை உள்ள அனைவரும் அறிவர். அதற்கடுத்த ஆண்டு, 'தார்த்தாரியப் பாலைவனம்' எழுதிய தீனோ புஸ்ஸாத்தியை ஒரு நாளிதழ் இத்தாலியச் சுற்றுப் பந்தயமான ஜீரோவுக்குச் செய்தியாளராக அனுப்பி வைத்தது. கோப்பியும் பார்த்தாலியும் மலைகளில் மோதிக்கொண்ட அந்தப் பந்தயத்தை அவர் நாள்தோறும் எழுதினார். அவை பின்னர் நூலாகவும் வந்தன. வீரர்கள் காவியத் தலைவர்களானது இவ்வாறுதான். அவர்கள் ஏறியிருந்த சட்டகத்தைப் பற்றவைத்தவர்களுக்கு அந்தக் காவியத்தில் பெரும்பாலும் இடமில்லை.

கோல்நாகோ 1932இல் காம்பியாகோவில் பிறந்தவர். பதின்ம வயதின் தொடக்கத்திலேயே மிலானில் 'குளோரியா' என்ற மிதிவண்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பந்தயங்களிலும் கலந்துகொண்டார். விழுந்து கால் முறிந்து வீட்டில் கிடந்த காலத்தில் தொழிற்சாலையிலிருந்து சக்கரங்களை வரவழைத்து, கட்டிலில் இருந்தபடியே கம்பி கோத்துக் கொடுத்தார். அதில் கிடைத்த வருமானம் தொழிற்சாலைக் கூலியை விஞ்சியது. 1954இல் சொந்தப் பட்டறை திறந்தார். அவருடைய முதல் வேலை மேசைக்காகத் தந்தையார் வீட்டு முசுக்கொட்டை மரத்தை வெட்டினார் என்றொரு கதை உண்டு. பட்டுப்புழு வளர்த்த லொம்பார்டி நாட்டில் முசுக்கொட்டை மரம் சோறு போடும் மரம். கதையின் பொருள் நமக்கு விளங்குகிறது.

1955இல் நடந்ததாகச் சொல்லப்படும் இன்னொரு நிகழ்ச்சி இதைவிட முக்கியமானது. அக்காலத்துப் பெருவீரர் ஃபியோரென்சோ மாக்னி முழங்கால் வலியால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். கோல்நாகோ வண்டியைப் பார்த்தார். மிதிகட்டையைத் தாங்கும் இரண்டு கிராங்குகளும் நேர்கோட்டில் அமையவில்லை. கிராங்கை அச்சோடு இறுக்கும் காட்டர் பின் (நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் இன்றும் 'காட்டர்' என்றே வழங்கும் அதே பொருள்) சரியாக உட்காராததே காரணம். அதை ராவிச் சரிசெய்து கொடுத்தார். வலி நின்றது. அவ்வாண்டு ஜீரோவுக்கு அணியின் உதவி மெக்கானிக்காக வரும்படி மாக்னி அழைத்தார். அந்தப் பந்தயத்தை மாக்னியே வென்றார். வீரனின் உடலில் தோன்றிய வலியை இரும்பின் பிழையாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தார். கோல்நாகோவின் பாரம்பரியம் என்று ஏதேனும் உண்டென்றால் அதை இங்கிருந்தே தொடங்க வேண்டும் என்று கருதுகிறோம்.

எஃகுச் சட்டகம் எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே செல்ல இயலாது. குழாய்கள் பெரும்பாலும் மிலானின் கொலம்பஸ் நிறுவனத்திலிருந்து வந்தன. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு. எஸ்.எல். என்று பெயரிடப்பட்ட புகழ்பெற்ற குழாய்த் தொகுதியில் குழாய்ச் சுவரின் கனம் முனைகளில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6 மில்லிமீட்டர். இணையும் இடத்தில் வலிமை வேண்டும், நடுவில் எடை குறைய வேண்டும் என்பதே கணக்கு. குழாயின் முனைகள் 'லக்' எனப்படும் இணைப்புக் கூடுகளுக்குள் செருகப்படும். பிறகு தீச்சுடரால் சூடேற்றிப் பித்தளையையோ வெள்ளி கலந்த உலோகத்தையோ உருக்கி விடுவார்கள். எஃகு உருகாது. உருகிய பித்தளை குழாய்க்கும் கூட்டுக்கும் நடுவேயுள்ள மயிரிழை இடைவெளிக்குள் தானே உறிஞ்சப்பட்டுப் பரவும். வெப்பம் போதாவிட்டால் பித்தளை விளிம்போடு நின்றுவிடும். வெளியே ஒழுங்காகத் தோன்றும் இணைப்பு உள்ளே வெற்றிடமாக இருக்கும். வெப்பம் மிஞ்சினால் மெல்லிய எஃகின் குணமே கெட்டுவிடும். இரண்டுக்கும் நடுவேயுள்ள நிலையை வேலைக்காரர் எஃகின் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்தே அறிந்தார். அதன்பின் அரம். லக்கின் விளிம்பு காகிதம்போல் மெலிந்து குழாயோடு கலக்கும்வரை மணிக்கணக்கில் அரம் ஓடும். இறுதியில் சாயம் பூசப்பட்டு எல்லாம் மறைந்துவிடும். உள்ளே பித்தளை ஓடியிருக்கிறதா இல்லையா என்பது வாங்கியவருக்குப் பல ஆண்டுகள் ஓட்டிய பிறகே தெரியவரும்.

இந்த முறைக்கு இன்னொரு குணமும் உண்டு. விபத்தில் ஒரு குழாய் வளைந்துபோனால் இணைப்பை மீண்டும் சூடேற்றி, அந்த ஒரு குழாயை மட்டும் கழற்றி வேறொன்றை வைக்கலாம். கைதேர்ந்த பட்டறை ஒன்று அருகில் இருக்கும்வரை எஃகு வண்டிக்குச் சாவில்லை.

குழாயின் நீளமும் சாய்வும் வீரரின் உடலுக்கேற்ப மாறும். மிலானின் விகொரெல்லி ஓடுதளத்தின் அடியில் பட்டறை வைத்திருந்த ஃபலியேரோ மாசியை வீரர்கள் 'தையற்காரர்' என்றே அழைத்தனர். தொடையும் கையும் முதுகும் அளந்து வண்டி செய்தவருக்கு வேறென்ன பெயர் பொருந்தும்? கோல்நாகோவும் ஊகோ தே ரோசாவும் இதே மரபினர். மூவரும் ஒரே வட்டாரத்தில் ஏறக்குறைய ஒரே வாடிக்கையாளர்களுக்காகப் போட்டியிட்டவர்கள்.

கோல்நாகோவின் இலச்சினை ஆட்டச்சீட்டிலுள்ள கிளாவர் இலை. அது வந்த வழி சுவையானது. 1970இல் மிக்கேலே தான்செல்லி மிலான்–சான்ரெமோ பந்தயத்தை வென்றார். 1953க்குப் பிறகு அதை வென்ற முதல் இத்தாலியர் அவர். பதினேழு ஆண்டுக் காத்திருப்பு. அவர் ஓட்டியது கோல்நாகோ செய்த வண்டி. சான்ரெமோ பூக்களுக்குப் பெயர்போன ஊர். அந்த வெற்றியை எழுதிய பத்திரிகையாளர் புரூனோ ராஸ்கிதான் பூவைக் குறியாக வைத்துக்கொள்ளும்படி கோல்நாகோவுக்கு யோசனை சொன்னவர். இத்தாலிய மொழியில் ஆட்டச்சீட்டின் கிளாவருக்குப் 'பூ' என்றே பெயர். ஆக, இன்று கோடிகள் பெறும் அந்தக் குறி ஓர் எழுத்தாளரின் கொடை. பின்னாளில் லக்குகளிலும் மிதிகட்டை அச்சுக் கூட்டிலும் அந்த இலையின் வடிவத்தைத் துளையாகவே வெட்டினார்கள். பெயர்ப்பட்டையைக் கிழித்து எறிந்தாலும் இலை எஃகில் நிற்கும்.

இத்தனைக்கும் அவருடைய உச்சகாலத்தில் அவர் கைவேலையின் பெரும்பகுதி பிறர் பெயரால் ஓடியது. தான்செல்லியும் பின்னர் மெர்க்ஸும் ஓட்டிய மொல்தேனி அணி இறைச்சிப் பண்டங்கள் தயாரித்த ஒரு நிறுவனத்தின் அணி. கோல்நாகோ அந்த அணிக்காக உழைத்த காலத்தில்தான் மெர்க்ஸ் 1971, 1972 ஆண்டுகளின் பிரெஞ்சுச் சுற்றுப் பந்தயங்களை வென்றார். அந்த வண்டிகளில் கோல்நாகோ என்று எழுதியிருக்கவில்லை. 1973இல் தே ரோசா அந்த அணியின் வண்டிகளைச் செய்யத் தொடங்கினார். வீரர்களின் பெயரையோ நிறுவனங்களின் பெயரையோ தாங்கிய சட்டகங்கள் வேறொருவர் பட்டறையில் உருவாவது அத்தொழிலில் எல்லோரும் அறிந்த வழக்கம். 1978இல் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற மெர்க்ஸ் 1980இல் தம் பெயரில் தொழிற்சாலை திறந்தபோது அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரும் தே ரோசாவே.

பெயரைக் கையிலிருந்து பிரித்துவிடலாம் என்று இத்தாலியர் தெரிந்துகொண்டபின் பெயர் மட்டும் தனியே பயணம் செய்யத் தொடங்கிற்று. மாசியின் பெயர் 1970களிலேயே கலிபோர்னியாவுக்கு விற்கப்பட்டது. மிலானில் அவர் மகன் விகொரெல்லிப் பட்டறையில் தொடர்ந்து வேலை செய்துகொண்டிருக்க, அமெரிக்காவில் இன்னொரு மாசி விற்பனையானது. சினெல்லி 1978இல் கொலம்பஸ் குழாய்களைச் செய்த குடும்பத்திடம் போயிற்று. 1885இல் மிலானில் தொடங்கிய பியாங்கி 1997இல் ஸ்வீடன் நாட்டு உரிமையாளரை அடைந்தது. கோல்நாகோவின் முறை 2020இல் வந்தது. அபுதாபியைச் சேர்ந்த முதலீட்டு நிறுவனம் ஒன்று பெரும்பங்கை வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ததேய் பொகாச்சர் பிரெஞ்சுச் சுற்றுப் பந்தயத்தை வென்றார். கோல்நாகோ என்ற பெயரைத் தாங்கிய வண்டிக்கு அந்தப் பந்தயத்தில் அதுவே முதல் வெற்றி. அவர் கை செய்த வண்டி வென்றபோது அவர் பெயர் இல்லை. அவர் பெயர் வென்றபோது நிறுவனம் அவருடையதாக இல்லை. இதைவிடக் கச்சிதமான முரணை ஒரு சிறுகதையில் எழுதினால் செயற்கை என்று நாமே குறை சொல்லியிருப்போம்.

இனி, பழைய வண்டிகளைச் சேகரிப்போர் பற்றி. இவர்களிடம் நமக்கு மதிப்பும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு. மதிப்புக்குக் காரணம், அவர்கள் மேற்கொள்ளும் ஆராய்ச்சி. 1970களின் கோல்நாகோ சட்டகங்களில் பெரும்பாலானவற்றை வரிசை எண்ணைக் கொண்டு காலம் கணிக்க இயலாது. எனவே லக்கின் வெட்டு, இலைத் துளையின் வடிவம், எழுத்துப் பட்டையின் பாணி ஆகியவற்றைக் கொண்டு காலத்தை வரையறுக்கிறார்கள். விசென்சாவின் காம்பன்யோலோ நிறுவனம் தன் பின்சக்கர கியர் மாற்றியின் உடலில் காப்புரிமைச் சொல்லோடு ஆண்டின் ஈரிலக்கத்தைப் பொறித்தது. '72' என்றோ '74' என்றோ அங்கே காண்பது, பின்னாளில் யாரும் மாற்றிப் பொருத்தாத பட்சத்தில், நல்ல சான்று. எழுத்தமைதியைக் கொண்டு கல்வெட்டுக்குக் காலம் சொல்லும் அறிஞரின் வேலைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

மனத்தாங்கல், அவர்களில் பலர் அடுத்துச் செய்யும் காரியத்தால். மங்கிய மூலச்சாயத்தைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதுச்சாயம் பூசி, புதிதாக அச்சிட்ட பெயர்ப்பட்டைகளை ஒட்டி, வண்டியைச் சுவரில் மாட்டுகிறார்கள். சுவடியில் செல்லரித்த இடங்களைத் தம் கற்பனையால் நிரப்பிப் பதிப்பிக்கும் பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை. சிதைவைச் சிதைவென்றே காட்டிப் புள்ளியிட்டு விடுவதுதான் முறை என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சட்டகத்தின் கீறல்களும், முன்பிருந்தவர் இருக்கையை உயர்த்தி வைத்த தழும்பும், மாற்றிய குழாயும் அந்த வண்டியின் பாடம். அவற்றை அழித்துவிட்டால் கையில் மிஞ்சுவது இலை ஒட்டிய எஃகு மட்டும். இலையையோ எவரும் எதன்மீதும் ஒட்டலாம். ஒட்டுகிறார்கள் என்பதற்குச் சந்தையில் உலவும் போலிகளே சாட்சி.

எஃகின் மீதுள்ள காதலை வைத்துக் கோல்நாகோவைப் பழமையின் காவலராகக் காட்டும் போக்கும் நமக்கு உடன்பாடில்லை. அவர் எஃகுக்கு விசுவாசமாக இருந்தவர் அல்லர். 1983இல் வந்த 'மாஸ்டர்' வண்டியில், பந்தயக் கார்களுக்குக் குழாய்ச் சட்டங்கள் செய்த கில்கோ நிறுவனத்தோடு சேர்ந்து, வட்டக் குழாயை நெடுக மடித்து நட்சத்திர வடிவாக்கினார். 1980களின் பிற்பகுதியில் ஃபெராரியோடு கூட்டுச் சேர்ந்து கார்பன் இழையில் இறங்கினார். முன்சக்கர ஃபோர்க் வளைந்திருக்க வேண்டும் என்ற நெடுநாள் வழக்கத்தை விட்டு நேராகச் செய்தார். பட்டறையின் நாற்பதாம் ஆண்டான 1994இல் வந்த 'சி40' முழுக்கக் கார்பன். அடுத்த ஆண்டு கற்பாளச் சாலைகளில் நடக்கும் பாரிஸ்–ரூபே பந்தயத்துக்கு அதை அனுப்பியபோது, அணியின் உரிமையாளர் வண்டி நடுவழியில் முறிந்துவிடுமோ என்று அஞ்சினாராம். ஃபிராங்கோ பல்லெரினி அதிலேயே வென்றார். 1996இல் அதே பந்தயத்தின் முதல் மூன்று இடங்களையும் அந்த அணியே பெற்றது. எஃகைக் கைவிட்டவர்களில் முன்வரிசையில் நின்றவரை எஃகின் கடைசிப் பூசாரியாக்குவது வரலாறு ஆகாது.

பாரம்பரியத்தைச் சட்டமாக்கினால் என்ன நேரும் என்பதற்கும் இந்த வண்டியே எடுத்துக்காட்டு. மெர்க்ஸுக்குப் பின் ஒருமணிச் சாதனை கருவிகளின் போட்டியானது. 1984இல் ஃபிரான்செஸ்கோ மோசர் தட்டுச் சக்கரங்களோடு 51.151 கிலோமீட்டரை எட்டினார். 1996இல் கிறிஸ் போர்ட்மன் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். இது வீரரின் சாதனையா கருவியின் சாதனையா என்று கலங்கிய சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் எல்லாவற்றையும் மெர்க்ஸ் காலத்து வண்டி அமைப்புக்குத் திருப்பிவிட்டது. கம்பிச் சக்கரம், வளைந்த ஹேண்டில்பார், உருண்டைக் குழாய். அந்த விதிப்படி அதே போர்ட்மன் மீண்டும் ஓட்டி 49.441 கிலோமீட்டர் எடுத்தார். மெர்க்ஸைக் காட்டிலும் பத்தே மீட்டர் அதிகம். 2014இல் ஒன்றியம் இந்த விதியைத் தானே தளர்த்திக்கொண்டது. 2022இல் பிலிப்போ கன்னா 56.792 கிலோமீட்டரை எட்டினார்.

மெர்க்ஸின் வண்டியை 'மரபான வண்டி' என்று ஒன்றியம் எடுத்துக்கொண்டதுதான் வேடிக்கை. அது தன் காலத்தின் மிகத் துணிச்சலான கருவி. எடையைக் குறைக்கச் சங்கிலிக் கண்ணிகளைக்கூடத் துளைத்திருந்தார்கள். ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டு டைட்டானியத்தில் ஆனது. மொத்த எடை 5.75 கிலோ. இதே ஒன்றியம் பந்தய வண்டிகளுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச எடை 6.8 கிலோ. விதியின் முன்மாதிரியான வண்டி அந்த விதியாளர்களின் தராசில் தேறாது.

அப்படியானால் எஃகு வண்டியைப் போற்றுவதே வீண் என்று சொல்ல வருகிறோமா என்றால், இல்லை. அச்சில் வார்க்கப்படும் கார்பன் சட்டகம் அடிபட்டால் அதைச் செப்பனிடுவது தனிச்சிறப்பான வேலை. எஃகில் அந்த அறிவு ஊர்தோறும் இருந்தது, இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பழைய கோல்நாகோ ஒன்றைக் கையில் வைத்திருக்கும் அன்பர் அதை ஓட்ட வேண்டும். ஓட்டினால் தேயும். தேய்ந்தால் பற்றவைக்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோக வேண்டிவரும், அவருக்கும் வேலை கிடைக்கும். சுவரில் மாட்டப்பட்ட வண்டியால் எந்தப் பட்டறையும் பிழைக்காது.

நிறுவனத்திடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கார்பன் வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் அவர்கள் 'மாஸ்டர்' வண்டியைக் கைவிடவில்லை என்பது பாராட்டத்தக்கது. அதன் விளம்பரங்களில் நிறுவனரின் பெயரும் இலையும் போதிய அளவு இருக்கின்றன. பற்றவைத்தவர், அரம் பிடித்தவர், சாயம் பூசியவர் ஆகியோரின் பெயரை அச்சுக் கூட்டின் அடியில், யாரும் பார்க்காத இடத்திலேனும், பொறித்தால் என்ன? எர்னெஸ்டோ கோல்நாகோ இதை மறுக்கக்கூடியவர் என்று நமக்குத் தோன்றவில்லை. போர் முடிந்த காலத்து மிலானில் அவரே சிறுவனாகத் தொழிற்சாலையில் பெயரின்றி வேலை செய்தவர். அக்கைகள் பட்ட வண்டிகளில் ஒன்றிரண்டு லொம்பார்டியின் ஏதோ ஒரு கொட்டகையில் இன்னும் கிடக்கலாம். அவற்றின் குழாயில் எழுதியிருப்பது குளோரியா.